கங்கம்மாவுக்கு எதிராக ஒரு மனு

ஜூலை 7, திங்கள்

காலையிலேர்ந்து தூறல். துணி காயல. ஓசூர்ல ஜூலைன்னா இப்படித்தான். வெயிலும் இல்ல, மழையும் இல்ல, காத்து மட்டும்.

இன்னைக்கு அரசியல். ஃபிரிட்ஜ் கதவுல டைம்டேபிள்: திங்கள் அர., வியாழன் வர. (வரலாறு), வெள்ளி இலக். (இலக்கியம்). கணக்கும் அறிவியலும் ஆன்லைன்ல ஒரு அக்கா. எட்டாவதோட ஸ்கூல் முடிஞ்சுது. கிளாஸ்ல தமிழ்ல பேசினேன்னு வெளிய நிக்க வெச்சாங்க. அப்பா போய் சண்டை போட்டு டி.சி.யோட திரும்பி வந்தார். "இவனுக என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறானுக, நான் சொல்லித் தரேன்." ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குப் பதினஞ்சு. ஃபிரெண்ட்ஸ்: இல்லை.

அப்பா வண்டி பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஏ ஷிஃப்ட் முடிச்சு மூணு மணிக்கு வந்து குளிச்சிட்டு உட்கார்ந்தார்னா, என் கட்டுரையையும் பார்ட் மாதிரிதான் பார்ப்பார். ஓகே. ரீவொர்க். ரிஜெக்ட். சிவப்புப் பேனா. போன வருஷம் முழுசும் ஓகே வாங்கினது நாலே நாலு.

இன்னைக்கு வேலை: மனு எழுதறது. "ஓட்டு போடுறது அஞ்சு வருசத்துக்கு ஒருக்க. மனு தெனமும் போடலாம். கண்ணு முன்னாடி நடக்குற ஒரு தப்ப எடு. யாரு, என்ன, எங்க, எப்போ. அதிகாரத்துல இருக்கறவன் படிச்சதும் எந்திரிச்சு உக்காரணும்."

யோசிச்சேன்: 1. ரோட்டுக் குழி (போர் அடிக்கும்). 2. கம்பெனி பஸ் ஹாரன் (அப்பா கம்பெனி, வேண்டாம்). 3. கங்கம்மா.

கங்கம்மா எங்க லேஅவுட் பெருக்கற அம்மா. லேஅவுட்டுக்குப் பின்னாடி இருக்கற ஊர். தெலுங்குதான் வீட்ல. தமிழ்ல பேசினா கன்னடமும் சேர்ந்து வரும், கேட்டா சிரிப்பு வரும். தினமும் காலைல பார்க் பக்கத்து ஆர்.ஓ. குடிதண்ணிக் குழாய் ஓரமா இருக்கற பின் கேட்டைத் திறந்து வெப்பா. அவ ஊர்ப் பொம்பளைங்க குடத்தோட வந்து பிடிச்சிட்டுப் போவாங்க. லேஅவுட் ஆளுங்களுக்கு மட்டும்னு போர்டே இருக்கு. தமிழ்ல, கன்னடத்துல, தெலுங்குல.

எழுதினேன். ஒரு பக்கம்.

அப்பா: ரிஜெக்ட். "இது புகார் இல்ல தாயி, பால்காரனுக்கு எழுதுற சீட்டு."


ஜூலை 8, செவ்வாய்

தூறல் நிக்கல. இட்லி, தக்காளிச் சட்னி. அம்மாவுக்குத் தலைவலி.

மனு, இரண்டாம் தடவை. எங்க தப்புன்னு தெரிஞ்சுது. தண்ணி விடறது தப்புதான், ஆனா படிக்கறவனுக்குக் கோபம் வராது. தண்ணிதானேன்னு தோணும். இலக். பாடத்துல அப்பாவே சொன்னது: பெரிய விஷயத்தை நம்ப மாட்டான், சின்ன விவரத்தை நம்புவான். கதைல கொலை நடந்தா நம்பறது கொலையால இல்ல, கொலைகாரன் செருப்புல ஒட்டின சேத்தால.

சேறு வேணும்.

மூணாவது பத்தில இதைச் சேர்த்தேன்: "காலை ஏழு மணிக்கே அவர்மீது மது வாடை வீசுகிறது. குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்கின்றனர்."

எழுதி முடிச்சதும் உடம்பு சிலிர்த்துது. நிஜமா. குழந்தைங்க மூக்கைப் பொத்தறது எனக்கே கண்ணுல தெரிஞ்சுது. எந்தக் குழந்தை? ஸ்கூல் வேனுக்கு நிக்கற அந்த ரெண்டு வாண்டுங்க. அதுங்க நிஜத்துல கங்கம்மாகிட்ட போய் விளக்குமாத்தைப் பிடுங்கி விளையாடும்.

அப்பா படிச்சார். ரெண்டு தரம். கண்ணாடியைக் கழட்டினார்.

"நெசமாவா?"

"ம்."

"நீ மோந்து பாத்தியா?"

"பக்கத்துல போனப்ப அடிச்சுது."

ஓகே. அஞ்சாவது ஓகே. மனுவை மடிச்சுச் சட்டைப் பைல வெச்சுக்கிட்டார். கட்டுரையை எப்பவும் ஃபைல்லதான் வெப்பார்.


ஜூலை 10, வியாழன்

வெயில், கொஞ்சம்.

அப்பா லேஅவுட் சங்கத்துச் செக்ரட்டரி. இத்தனை நாள் இதை எழுதத் தோணல. பின் கேட்டுக்குப் பூட்டு போடணும்னு ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கார், யாரும் கேக்கல.

காலைல லேஅவுட் வாட்ஸ்அப் குரூப்ல என் மனு. அப்படியே, ஒரு கமா மாறாம. கீழ "இப்படிக்கு, குடியிருப்போர்". என் பேர் இல்ல.

"சின்னப் பசங்க நடமாடுற இடம்."
"நானும் கவனிச்சேன் சார். கண்ணு சிவப்பா இருந்துச்சு."
"நான் அப்பவே சொன்னேன்."

ஒருத்தர் கூட "நான் பார்க்கலையே"ன்னு போடல. மூணாவது வீட்டு ஆன்ட்டி நேத்து சாயங்காலம்தான் கங்கம்மாவுக்குப் பழைய புடவை குடுத்தாங்க. அவங்களும் கட்டைவிரல் தூக்கியிருக்காங்க.

பயமா இருந்துச்சான்னு என்னையே கேட்டேன். இல்ல. சந்தோஷம். நான் இட்டுக்கட்டினதை நாப்பது வீடும் நேர்ல பார்த்துட்டாங்க. எந்த எழுத்தாளருக்கு இது கிடைக்கும்.

அம்மா போனைப் பார்த்துட்டு, "யாருடி இத எழுதினது? அவ மேல ஒரு நாளும் வாசன வந்ததில்லையே"ன்னா.

"தெரியல."

வர. பாடம் நடுகல். நம்ம ஜில்லால எங்க பார்த்தாலும் இருக்கு. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல். அப்பாகிட்ட கேட்டேன், மாட்டை ஓட்டிட்டுப் போனவன் ஊர்லயும் கல்லு நட்டிருப்பாங்கல்ல, அதுல அவன்தானே வீரன்? அப்பா, "இந்தக் கேள்வி பரிச்சைக்கு வராது."


ஜூலை 13, ஞாயிறு

பத்து மணிக்கு சங்கக் கூட்டம், பார்க் ஷெட்டுல. "நோட்ட எடுத்துட்டு வா. ஜனநாயகம் எப்பிடி நடக்குதுன்னு பாரு." போனேன். பிளாஸ்டிக் சேர், வடை, டீ.

தலைவர் ரிட்டயர் ஆன தாசில்தார். கங்கம்மாவைக் கூப்பிட்டாங்க. விளக்குமாத்தை வெளிய சாய்ச்சு வெச்சிட்டு உள்ள வந்து நின்னா. சேர் காலியா இருந்துச்சு. யாரும் உட்காரச் சொல்லல.

தலைவர்: "கேட்ட நீதான தெறந்து விடற?"

"ஆமா சாமி. நீள்ளுக்கு வராங்க, தண்ணிக்கு. நம்மூர் போர்ல தண்ணி நின்னு போச்சு. இங்க ஆழமா போட்டாங்கல்ல, அதுக்கு அப்பறம் அங்க வர்ல. ஒரு குடம் தானே சாமி."

எங்க போர் போட்டது அப்பா ஏற்பாடு. ஆழத்தைப் பெருமையா எல்லாருக்கும் சொல்லுவார்.

அப்பா தொண்டையைச் செருமிட்டு மூணாவது பத்தியைப் படிச்சார். அழகாப் படிச்சார். "வாடை"ல ஒரு நிறுத்தம்.

கங்கம்மாவுக்கு அந்தத் தமிழ் புரியல. பக்கத்துல இருந்தவர் சொன்னார்: "குடிச்சிட்டு வரியாம்."

அவ சிரிச்சா. கேலி பண்றாங்கன்னு நினைச்சிருக்கா. சிரிச்சுக்கிட்டே ஒவ்வொரு மூஞ்சியாப் பார்த்தா. யாரும் சிரிக்கலைன்னதும் அந்தச் சிரிப்பு எங்க போறதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் வாயிலயே நின்னுது.

"யாரு சாமி சொன்னது?"

"எல்லாரும்தான்."

கை தூக்கச் சொன்னாங்க. தூக்கினாங்க. ஆறு வருஷ வேலை, வடை ஆறுறதுக்குள்ள முடிஞ்சுது.

நோட்ல எழுதினது: புகார் படித்தல், விளக்கம் கேட்டல், வாக்கெடுப்பு, தீர்மானம். புத்தகத்துல இருக்கற வரிசை அப்படியே. ஒரு படி கூட விடல.

மதியம் பிரியாணி. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.


ஜூலை 15, செவ்வாய்

புது ஆள். ஏஜென்சி அனுப்பினது, நீலச் சட்டை. யார்கிட்டயும் பேசல. பின் கேட்டுல பெரிய பூட்டு.

பதினோரு மணிக்கு மாடில துணி காயப் போடறேன். பின் கேட்டுக்கு வெளிய கங்கம்மா. "பாப்பா! பாப்பா!" தப்பிக்க முடியல, பார்த்துட்டா.

கீழ போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவ. கண்டுபிடிச்சிட்டாளோன்னு ரெண்டடி தள்ளியே நின்னேன்.

"பாப்பா, நீ வீட்லயே படிக்கற புள்ள. எப்ப பாத்தாலும் ஜன்னல்ல உக்காந்து எழுதிக்கிட்டே இருக்கற. எனக்கு ஒரு மனு எழுதிக் குடுக்கறியா? எம்மேல யாரோ பொய்யா எழுதிட்டாங்க. வாயில சொன்னா கேக்கல. எழுதினாத்தான் கேக்கறாங்க."

எழுதினாத்தான் கேக்கறாங்க. ரெண்டு வருஷமா அப்பா பாடம் நடத்தி எனக்குச் சொன்னதை அவ பத்து நிமிஷத்துல கத்துக்கிட்டிருக்கா.

"என்ன எழுதணும்?"

"நான் குடிக்கறதில்லன்னு எழுது. கேட்டு இனிமே தெறக்க மாட்டேன்னு எழுது. பெரிய பொண்ணு பர்கூர்ல காலேஜ் சேந்திருக்கான்னு எழுது. உனக்குத் தெரியும், நல்லா எழுது."

நாளைக்கு வரச் சொன்னேன்.

நாங்க இங்க குடி வந்த நாலு வருஷமா தினமும் என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்திருக்கா. எனக்கு அவ பொண்ணு காலேஜ் போறதே இன்னைக்குத்தான் தெரியும்.


ஜூலை 16, புதன்

காத்து. பார்க் மரத்துல ஒரு கிளை ஒடிஞ்சு விழுந்துது.

கங்கம்மா மனு எழுதி முடிச்சேன். நல்லா வந்திருக்கு. முதல் மனுவை விட நல்லா. ஒரு பொய் கூட இல்ல. கடைசிப் பத்தி:

"என் மீது மது வாடை வீசியதாகக் கூறியது உண்மையன்று. அவ்வரியை எழுதியவர் செயலாளரின் மகள். அவர் அதைக் கற்பனையாக எழுதினார்."

எழுதினதும் நெஞ்சுல பாரம் குறைஞ்ச மாதிரி. எவ்வளவு நல்ல பொண்ணு நான்னு ஒரு நினைப்பு கூட வந்துது.

பதினோரு மணிக்கு வந்தா. கம்பி வழியா வாசிச்சுக் காட்டினேன். முதல் பத்தி. ரெண்டாவது. பொண்ணு காலேஜ் வந்ததும் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. மூணாவது.

கடைசிப் பத்திக்கு வந்ததும் பேப்பரைக் கீழ இறக்கினேன். "அவ்வளவுதான்"னுட்டேன்.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனா பேப்பரைப் பார்த்தா. "இன்னும் கீழ எழுத்து இருக்கே பாப்பா."

"அது... வணக்கம், நன்றி, இப்படிக்கு. எல்லா மனுவுலயும் வரும்."

"சரி." கையெழுத்து போட்டா. தெலுங்குல. சுருட்டிச் சுருட்டி, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ரொம்ப நேரம்.

போறப்ப கம்பிக்குள்ள கை விட்டு என் கன்னத்தைத் தொட்டா. கைல ரோஜாச் செடி முள்ளு கீறின கோடு. ரெண்டு நாளா மதியத்துக்கு மேல ரோஜாப் பண்ணைல கூலி வேலையாம்.


ஜூலை 17, வியாழன்

மூணே முக்காலுக்கு அப்பா கைல மனுவைக் குடுத்தேன். "கங்கம்மா குடுத்தாங்க."

சிவப்புப் பேனாவை எடுத்துட்டுத்தான் உட்கார்ந்தார், பழக்க தோஷம். கடைசிப் பத்தி வந்ததும் பேனாவை மூடி வெச்சார்.

அடிப்பார்னு நினைச்சேன். அடிக்கல.

"அப்போ நீ மோந்து பாக்கல."

"இல்ல."

"அன்னிக்கு நான் கேட்டேனே?"

"நீங்க நம்பணும்னு நினைச்ச மாதிரி இருந்துச்சு."

அம்மா சமையல் ரூம் வாசல்ல வந்து நின்னா. மிக்சி ஓடிட்டே இருந்துச்சு, அணைக்க மறந்துட்டா.

அப்பா மறுபடி பேப்பரைப் பார்த்தார். "இத அவகிட்ட வாசிச்சுக் காட்டினியா?"

"காட்டினேன்."

"இந்தப் பத்தியையும்?"

ஃபிரிட்ஜ் கதவுல இருந்த டைம்டேபிளைப் பார்த்தேன்.

சிரிச்சார். சத்தமில்லாம, தோள் மட்டும் ஆடுச்சு. "வாசிக்கல. அவ கையெழுத்த வாங்கிட்ட, வாசிக்கல. நீ எம்மக தாயி, சந்தேகமே வேண்டாம்."

அப்புறம்: "ஞாயித்துக்கெழம மனுவ வாசிப்பேன். நீ வாசிச்ச அளவுக்கு நானும் வாசிப்பேன். மிச்சத்த நீ எந்திரிச்சுச் சொல்லணும்னா சொல்லு. யாரும் வாயப் பொத்த மாட்டாங்க."

இன்னைக்கு வர. பாடம் நடக்கல. ரெண்டு வருஷத்துல முதல் தடவை.


ஜூலை 18, வெள்ளி

வெயில் நல்லா. துணி காஞ்சுது.

இலக். பாடமும் இல்ல. அப்பா டிவி பார்த்தார். அம்மா என்கிட்ட பேசறதில்ல. தட்டை வெக்கறா, எடுக்கறா.

எழுந்து சொல்லணும். எப்படி? எழுதி வெச்சுப் பார்த்தேன். "பெரியவர்களுக்கு வணக்கம்"னு ஆரம்பிச்சா பேச்சுப் போட்டி மாதிரி இருக்கு. "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்"னா சினிமா. எட்டு தடவை எழுதினேன். அப்புறம்தான் உறைச்சுது, பொய்யை ஒரே தடவைல எழுதினேன்.


ஜூலை 20, ஞாயிறு

கூட்டம். அதே ஷெட். இன்னைக்கு பஜ்ஜி.

கங்கம்மா வந்திருந்தா, நல்ல புடவை. கூட அவ பொண்ணு. என்னை விட ரெண்டு மூணு வயசுதான் பெரிசு. எங்கம்மா பின்னாடி ஒரு தூண் பக்கத்துல நின்னா.

அப்பா மனுவை வாசிச்சார். குரல்ல ஏத்த இறக்கம் எல்லாம் சரியா. மூணு பத்தி. நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். "கடைசிப் பத்தி ஒண்ணு இருக்கு. அந்த வாடைன்னு எழுதினது நான்தான். அப்படி ஒண்ணும் அடிக்கல. சும்மா எழுதினேன். கட்டுரைக்காக."

எல்லாரும் திரும்பினாங்க. இடி விழும்னு பார்த்தேன். மூணாவது வீட்டு ஆன்ட்டி, "அட, அது நீயா எழுதினது? எவ்வளவு நல்லா இருந்துச்சு!"ன்னாங்க. ரெண்டு பேர் சிரிச்சாங்க. கண்ணு சிவப்பா இருந்துச்சுன்னு போட்டவர் போனைப் பார்த்தார்.

தலைவர்: "சரி கண்ணு, தைரியமா ஒத்துக்கிட்ட. உக்காரு." அப்புறம் அப்பா பக்கம், "வாடை விஷயம் விடுங்க. கேட்டு தெறந்தது தெறந்ததுதான? ஏஜென்சிக்கும் ஒரு வருஷத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு. புது ஆளும் சுத்தமாத்தான் பெருக்குது."

கங்கம்மாவைத் திரும்ப எடுக்க வேண்டாம்னு கை தூக்கினாங்க. அப்பா தூக்கல. அதைப் பார்த்தேன். ஆனா எதிராவும் தூக்கல.

கங்கம்மாவோட பொண்ணு அவ காதுல எல்லாத்தையும் தெலுங்குல சொன்னா. சொல்லச் சொல்ல கங்கம்மா என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. கோபம் இல்ல. ஒரு பொருளோட விலைச்சீட்டைப் பார்க்கற மாதிரி.

கிட்ட வந்தா.

"பாப்பா. அந்த நாத்தம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன், தெரியாதுன்னு.

"எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரன் குடிச்சுக் குடிச்சு ரத்தமா வாந்தி எடுத்துச் செத்தான். அந்தப் பாயை நான் ஏழு தரம் தொவச்சேன். போகல. கொளுத்திட்டேன். நீ எழுதறதுக்கு வேற நாத்தம் கெடைக்கலையா?"

பதில் சொல்றதுக்குள்ள தலைவர், "சரி சரி, கெளம்பும்மா"ன்னார். அடுத்தது தெருவிளக்கு விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ரெண்டு நாளைக்கு அப்புறம் பேசினா. "சொல்றதுன்னா போன ஞாயித்துக்கெழமையே சொல்லியிருக்கணும். இன்னிக்கு எந்திரிச்சு என்னாத்துக்கு ஆவறது? உனக்குத் தைரியமான கண்ணுன்னு பேரு கெடச்சுது. அவளுக்குப் புருசன் செத்த கதைய ஊரு முன்னாடி அவுத்துப் போட்டதுதான் மிச்சம்."


ஜூலை 21, திங்கள்

அர. பாடம். அப்பா எப்பவும் போல வந்து உட்கார்ந்தார். "கூட்டத்தோட நடவடிக்கைக் குறிப்ப நீ எழுது. நீதான நோட்டு வெச்சிருந்த."

எழுதினேன். நடந்தது நடந்தபடி. வாடை, என் ஒப்புதல், பாய், எல்லாம்.

அப்பா வாசிச்சிட்டு எட்டு வரியை அடிச்சார். "அஜெண்டால இல்லாதது குறிப்புல வரக் கூடாது. விதி."

மிச்சம் இருந்தது: பழைய பணியாளரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. தெருவிளக்கு ஏற்கப்பட்டது.

"ஃபேர் காப்பி எடு."

"எடுக்க மாட்டேன்"னேன். 

பார்த்தார். அவரே எடுத்தார். அவர் கையெழுத்து என்னுதை விட அழகு.


ஜூலை 23, புதன்

வெயில். காய்கறிக்கு அம்மாவோட மெயின் ரோடு. ரோஜாப் பண்ணை வேன் வர்ற இடத்துல ஏழெட்டு பொம்பளைங்க, தலைல துண்டு, கைல டிபன் தூக்கு. சத்தமாப் பேசிச் சிரிச்சிட்டிருந்தாங்க. நடுவுல கங்கம்மா.

அம்மா கையை விட்டுட்டு ரோட்டைத் தாண்டினேன். இந்தத் தடவை எதுவும் எழுதிப் பார்க்கல.

"கங்கம்மாக்கா. என்னை மன்னிச்சிடுங்க."

நாலு வருஷத்துல முதல் தடவை அக்கான்னு கூப்பிட்டது. எனக்கே புதுசாக் கேட்டுச்சு.

அவ என்னைப் பார்க்கல. மத்தவங்க பக்கம் திரும்பி தெலுங்குல ஏதோ சொன்னா, நிதானமா, ஒரே ஒரு வரி. உடனே எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு என்னையே பார்த்தாங்க. ஒருத்தி துண்டை இழுத்து வாயை மறைச்சுக்கிட்டா.

வேன் வந்துது. ஏறினாங்க. போயிடுச்சு.

அம்மா மத்தூர்க்காரி, தெலுங்கு தண்ணி பட்ட பாடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாலும் கேட்டிருக்கும்.

"என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. வா."

"சொல்லும்மா."

கத்தரிக்காயைப் பைல போட்டுக்கிட்டே சொன்னா: "இந்தப் புள்ள முன்னாடி யாரும் எதுவும் பேசாதீங்க, எழுதிடும்னா."